கொப்பரை சாட்சி

அத்தியாயம் 4

திருவொற்றியூர் தேரடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடல் பக்கம் போகிற சந்தில் திரும்பியதுமே கோதண்டம் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"இன்னா சார் இது, சோப்பு கம்பெனின்னு சொல்லிட்டு இப்டி நாறுது? இத்த போட்டு குளிச்சா, அப்பால இன்னொரு சோப்பு போட்டுக் குளிக்கணும் போல கீது."

"துணி சோப்புடா. குளிக்கிறதுக்கில்லை."

"அப்ப துணிய தூர எறிஞ்சிட்டு சொம்மா கீலாம்."

சுப்பராயன் சிரிக்கவில்லை. துறைமுகத்தில் நிலக்கரிக் கூடை சுமந்தவரின் மகன் அவர். ராயபுரத்தில் ஒரு வக்கீலிடம் பன்னிரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, கல்மண்டபத்தில் ஒரு காபி கிளப்பின் மாடியில் 'தனியார் துப்பறிவாளர்' என்று பலகை மாட்டி மூன்று வருஷம் ஆகிறது. இதுவரை வந்த வழக்குகளில் பாதி, காணாமல் போன சைக்கிள்கள். மீதிப் பாதி, காணாமல் போக விரும்பிய கணவன்மார்கள். கோதண்டம் முன்னாள் ரிக்‌ஷாக்காரன். பட்டணத்து வீடுகளின் ரகசியங்களை வாசலில் காத்துக் கிடந்தே தெரிந்துகொண்டவன்.

'இரட்டைச் சங்கு சவுக்காரம்' என்று எழுதிய தகரக் கதவைத் தாண்டி ஆபீஸ் அறைக்குள் நுழைந்தார்கள். நாற்காலி பிசுபிசுத்தது. மேஜை பிசுபிசுத்தது. சுவரில் காலண்டரில் இருந்த முருகன் முகத்தில்கூட எண்ணெய் ஊறி, பின்னால் இருந்த சுண்ணாம்புச் சுவர் தெரிந்தது. கொத்துக் கொத்தாய்க் காகிதங்கள் ஒரு வளைந்த கம்பியில் குத்தித் தொங்கின.

முதலாளி ராமசுப்பு அண்ணாச்சிக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு டின் எண்ணெயோடு பட்டணம் வந்து, இன்றைக்கு இருபது ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர்.

"வாங்க தம்பி, உக்காருங்க. சுருக்கமாச் சொல்லுதேன். துரைன்னு ஒருத்தன். பதினோரு வருசம் எங்கொப்பரையில நின்னு சோப்புக் காச்சுனவன். போன மாசம் ஆயுதபூசைக்கு மறுநாள், காலடிப்பேட்டையில ஒருத்தன் புதுசாக் கம்பெனி தொறந்திருக்காம்லா, அங்க ஓடிட்டாம். எங் கலவை அவனுக்கு அத்துப்படி. அங்க போயி அதே சோப்பக் காச்சுதான். அரையணா கொறச்சுப் போட்டா எங்கடை என்னத்துக்கு ஆவும்?"

"அதுக்கு என்ன செய்திருக்கீங்க?"

"கோர்ட்ல கேஸு போட்டாச்சு. அவன்ட்ட மூணு வருசத்துக்கு முன்னாடியே ஒப்பந்தம் எழுதி வாங்கியிருந்தேன். என்னைய விட்டுப் போனா மூணு வருசத்துக்கு வேற எந்த சோப்புக் கம்பெனிப் படியும் ஏறக்கூடாதுன்னு. வெள்ளிக்கிழமை விசாரணை. இப்பப் பீரோவத் தொறந்து பாத்தா அந்தக் காயிதத்தக் காணோம்."

"துரை எடுத்தான்னு நினைக்கிறீங்களா?"

"வேற யாருக்குத் தம்பி அது பிரயோசனம்? ஆயுதபூசை அன்னிக்குப் பீரோவுக்குப் பொட்டு வக்கணும்னு தொறந்து போட்டிருந்தது. எல்லாரும் முத்தத்துல நின்னாவ. அப்ப உருவிட்டாம். ஸ்டேஷன்லயும் எழுதிக் குடுத்தாச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள காயிதம் வரலன்னா அவன உள்ள தூக்கிப் போடுதேன்னு ஏட்டையா சொல்லிட்டாரு. நீங்க நல்லா விசாரிச்சு, அசல் இருந்துச்சு, களவு போச்சுன்னு ஒரு ரிப்போர்ட்டு எழுதிக் குடுத்தியன்னாப் போதும்."

சுப்பராயன் பென்சிலை நிறுத்தினார். தேடிக் கொடுங்கள் என்று இந்த மனுஷர் கேட்கவில்லை. எழுதிக் கொடுங்கள் என்கிறார்.

கணக்கப்பிள்ளை ராசையா உள்ளே வந்தான். அண்ணாச்சியின் மைத்துனன். ஒல்லியான ஆள். மடித்த காகிதம் ஒன்றை மேஜையில் விரித்து வைத்தான்.

"அசல் எழுதுன அன்னிக்கே நான் எடுத்த நகலுங்க. அதே பீரோவில, அதே தட்டுல இருந்தது. திருடுனவன் இத விட்டுட்டான்."

ஒரு பக்கம் முழுக்கக் குண்டு குண்டான எழுத்து. கீழே 'துரை, இடது கைப் பெருவிரல் ரேகை' என்று எழுதி ஒரு வட்டம் போட்டிருந்தது.

"ரேகை அசல்ல நல்லா விழுந்திருந்ததா அண்ணாச்சி?"

"நல்லாவா? நாந்தான அவன் வெரலப் புடிச்சு அமுக்குனேன்! சங்குச் சுழி மாதிரி. வரிவரியா எண்ணிப்புடலாம்."

அண்ணாச்சி எழுந்து, வெற்றிலை பாக்குத் தட்டில் முன்பணமாகப் பத்து ரூபாய் நோட்டு ஒன்றை வைத்து நீட்டினார். கோதண்டம் தொண்டையைச் செருமினான்.

"சார், இன்னா வேலை, எத்தினி நாளு, ரிப்போட்டு யாருக்கு, அல்லாம் ஒரு லெட்டரா எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து..."

அண்ணாச்சியின் முகம் வாடிப் போயிற்று. "நமக்குள்ள என்னத்துக்குத் தம்பி காயிதம்? ராமசுப்பு வாயால சொன்னா அது கல்லுல வெட்டுன மாதிரி."

சுப்பராயன் தட்டை வாங்கிக்கொண்டார். ஊராரின் ஒப்பந்தங்களையெல்லாம் பன்னிரண்டு வருஷம் எழுதிக் கொடுத்த கை, தனக்கென்று வரும்போது வெற்றிலையை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிட்டது.

வெளியே வந்ததும் கோதண்டம் காதைக் கடித்தான். "காயிதம் காணோம்னு அழுவுறவரு, காயிதம் எதுக்குன்றாரு. இன்னா நைனா கணக்கு இது?"

"வேற என்ன பார்த்தே?"

"அந்த ரூம்ல முருகரே எண்ணெ வடிஞ்சிகினு கீறாரு. கம்பில தொங்குற கடுதாசி ஒண்ணொண்ணும் அப்பளம் மாதிரி கீது. மூணு வருசமா பீரோல இருந்த நகலு மட்டும் வெள்ளையா, மாப்பிள கணக்கா வந்து நிக்குது."

"அதைத்தான் நானும் பார்த்தேன்."

"பாத்துட்டு பத்து ரூபாய வாங்கிகினீங்க."

முற்றத்தில் ஆள் உயரக் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பூவம்மா என்ற நடுவயதுப் பெண், உறைந்த சோப்புப் பாளத்தைக் கம்பியால் இழுத்து அறுத்துக்கொண்டிருந்தாள். பாளம் அங்கங்கே வெடித்திருந்தது.

"இன்னாம்மா, சோப்பு தரிசு நெலமா வெடிச்சு கீது?" என்றான் கோதண்டம்.

"துரை போனதுலேர்ந்து இப்டித்தான். புச்சா வந்தவனுக்குப் பதம் தெரில."

சுப்பராயன் கேட்டார். "நீ வேலைக்குச் சேரும்போது காகிதத்துல கைநாட்டு வெச்சியாம்மா?"

"காயிதமா? இங்க காயிதம்னா சோப்பு சுத்துறதுக்குத்தான் நைனா."

"பின்னே எப்படி ஆள் சேர்ப்பாங்க?"

"ஆயுதபூஜை அன்னிக்குத்தான் சேத்துப்பாரு. கொப்பரைக்கு மஞ்சா குங்குமம் வெச்சு, அது வெளிம்புல நம்ம கைய வெக்கச் சொல்லுவாரு. 'இந்தக் கொப்பரை சாட்சி, ஒன்ன வுட்டுப் போமாட்டேன், துரோகம் பண்ணமாட்டேன்'னு சொல்லணும். அப்பால வெத்தல பாக்கு, ஒரு பார் சோப்பு. அவ்ளோதான்."

"அவர் ஒண்ணும் சொல்லமாட்டாரா?"

"ஏன் சொல்லாம? ரப்பர் கையுறை வாங்கித் தரேன், ஒடம்பு சரியில்லன்னா கூலியோட லீவு தரேன்னு அதே கொப்பரையத் தொட்டு அவருந்தான் சொன்னாரு."

"தந்தாரா?"

பூவம்மா கம்பியை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். தோல் உரிந்து, சிவந்து, நகம் சுருண்டிருந்தது.

"நாங்க சொன்னது கொப்பரைல ஒட்டிகினுகீது. அவரு சொன்னது ஆவியா பூட்ச்சு."

"துரையும் இப்படித்தான் கொப்பரையைத் தொட்டானா?"

"எங்க எல்லாருக்கும் முன்னாடி தொட்டவன் அவன்தான்."

கோதண்டம் கொப்பரையை ஏற இறங்கப் பார்த்தான். "சார், இந்த சாட்சிய கோர்ட்டு கூண்டுல ஏத்தணும்னா எத்தினி பேரு தூக்கணும்?"

வியாசர்பாடியில் துரையின் வீடு வரிசைக் குடியிருப்பில் ஒற்றை அறை. இரண்டு மணி வெயிலில் தகரக் கூரை படபடத்துக்கொண்டிருந்தது. வாசலில் அவன் மனைவி கெங்கம்மா இடுப்பில் கை வைத்து வழியை அடைத்து நின்றாள்.

"இன்னும் எத்தினி வாட்டி தேடுவீங்க? நேத்து ஏட்டு வந்து அரிசிப் பானைய கவுத்துட்டுப் போனாரு. இன்னிக்கு நீங்க இன்னாத்த கவுக்கப் போறீங்க?"

"ஒண்ணையும் கவுக்க மாட்டோம் தாயி. நாங்க டிடெக்டிவ்," என்றான் கோதண்டம்.

"அப்டீன்னா?"

"போலீஸ் மாதிரி. ஆனா சம்பளம் கெடையாது."

உள்ளிருந்து துரை வந்தான். நாற்பதுக்கு உட்பட்டவன்தான், பார்த்தால் அறுபது. தோளிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் வெந்து ஆறிய தழும்பு பளபளத்தது.

"காலடிப்பேட்டைல வெள்ளிக்கிழம வரைக்கும் வரவேணாம்னு சொல்லிட்டாங்க சார். போலீசு பேஜாரு தீந்தப்புறம் வான்றாங்க. தீரலன்னா ஜெயிலு. சங்கத்துல ஒரு வக்கீல வெச்சுக் குடுத்துகீறாங்க. பதினோரு வருசம் ஒரு பாரு சோப்பு தூக்கினு வந்தவனில்ல நான். கேட்டுப் பாருங்க."

"அந்தக் காகிதத்தை எடுத்தியா துரை?"

"எந்தக் காயிதம் சார்? எனக்கு எய்த்து தெரியாது. பீரோ நெறிய காயிதம் கீது. அதுல என்னுது எதுன்னு எப்டி பொறுக்குவேன்? மோந்து பாத்தா?"

"அங்க அல்லாம் ஒரே நாத்தம்தான்," என்றான் கோதண்டம்.

சுப்பராயன் அழுக்குப் பாயில் உட்கார்ந்தார். "ஏன் விட்டுட்டு வந்தே?"

"ஆவணில சோப்புக்குப் போடுற காரம் கொதிச்சுத் தெறிச்சுது. தோளு வெந்து பதினாலு நாளு படுத்துகினு இருந்தேன். திரும்பிப் போனா, வேலைக்கு வராத நாளுக்கு இன்னாடா கூலின்னாரு. 'கொப்பரையத் தொட்டு சொன்னியே அண்ணாச்சி'ன்னேன். 'எங்க எழுதியிருக்கு, காட்டு பாப்பம்'னாரு. அன்னிக்கே மனசு வுட்டுப் பூட்ச்சு. பூஜை முடியட்டும்னு இருந்தேன்."

"உன் கலவையை அங்கே கொண்டு போயிட்டேன்னு சொல்றார்."

துரை சிரித்தான். பற்கள் தேய்ந்து போயிருந்தன. "கலவை எங்க சார் கீது? வேவுற சோப்ப ஒரு துளி எடுத்து நாக்குல வெப்பேன். சுருக்குன்னா காரம் அதிகம். சப்புன்னு இருந்தா எறக்கலாம். நாக்கு புண்ணாவாம அவருக்கு ஒரு பாரு வந்ததில்ல. அத்த எப்டி வுட்டுட்டு வர்றது? நாக்க அறுத்து பீரோல வெச்சிட்டு வந்திருக்கணுமா?"

சுப்பராயன் அறையைச் சுற்றிப் பார்த்தார். மூலையிலிருந்த தகரப் பெட்டியைக் காட்டி, "இதுல என்ன இருக்கு? நீங்களே எடுத்துக் காட்டுங்க," என்றார்.

கெங்கம்மா ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தாள். ஒரு கூறைச் சேலை, ஒரு பித்தளைச் செம்பு. அடியில், யுத்த காலத்தில் அரிசி வாங்கிய பழைய ரேஷன் அட்டை. குடும்பத் தலைவர் துரை என்று போட்டிருந்தது. பக்கத்தில் பெருவிரல் ரேகை சுத்தமாக விழுந்திருந்தது. கோதண்டத்துக்கு முகம் தொங்கிப் போயிற்று.

"போச்சு. வெரலு வரிவரியா கீது சார். அண்ணாச்சி சொன்ன மாதிரியே."

"அது என் கை," என்றாள் கெங்கம்மா.

சுப்பராயன் நிமிர்ந்தார். "குடும்பத் தலைவர் துரைதானே?"

"கூப்பன் ஆபீஸ்ல இவரு கையத்தான் மொதல்ல அமுக்குனாங்க. மூணு வாட்டி. வெறும் மை அப்பிச்சு. 'யோவ், ஒங்கைல ரேகையே இல்ல, இன்னா மன்சன் நீ, பிசாசா?'ன்னு ஆபீசர் கேட்டாரு. அப்பால 'பொண்டாட்டிய இட்டா'ன்னு சொல்லி என்னுத வாங்கினாங்க."

சுப்பராயன் துரையின் இடது கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். துணி துவைக்கிற கல் மாதிரி வழவழவென்று இருந்தது. காரத்தில் ஊறி ஊறி, மேலே ஒரு கோடு இல்லை. நிலக்கரிக் கூடை தேய்த்துத் தேய்த்து முடியே முளைக்காமல் போன அப்பாவின் வலது தோள் அவருக்கு ஞாபகம் வந்தது. செத்துக் கிடந்தபோதும் அந்த இடம் மட்டும் பளபளவென்று இருந்தது.

அட்டையில் தேதியைப் பார்த்தார். ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தைந்து.

"கோதண்டம், மைப் பெட்டியை எடு."

வெள்ளைத் தாளில் துரை பெருவிரலை அமுக்கினான். கறுப்பாக ஒரு முட்டை விழுந்தது. இன்னொரு தரம் அமுக்கினான். இன்னொரு முட்டை.

"இந்த முட்டைல எண்ணிப் பாக்க வரி எங்க கீது?" என்றான் கோதண்டம். இந்தத் தடவை அவன் குரலில் கிண்டல் இல்லை.

வியாழக்கிழமை காலை, அதே பிசுபிசுத்த மேஜையில் சுப்பராயன் மூன்று காகிதங்களை வரிசையாக வைத்தார். ராசையாவின் நகல். கறுப்பு முட்டைகள். கெங்கம்மா கொடுத்தனுப்பிய ரேஷன் அட்டை. பக்கத்தில், ராத்திரி எழுதி முடித்த ரிப்போர்ட்.

"அண்ணாச்சி, இது துரையின் பெருவிரல். வரியை எண்ணிச் சொல்லுங்க."

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். ராசையாதான் முந்திக்கொண்டான்.

"இப்ப அழிஞ்சிருக்கும்ங்க. மூணு வருசத்துக்கு முந்தி நல்லா இருந்திருக்கும்லா?"

"அட்டையில தேதியைப் பாருங்க. ஏழு வருஷம் முன்னாடி கூப்பன் ஆபீஸ்லயே இவனுக்கு ரேகை இல்லைன்னு பொண்டாட்டி கையை வாங்கியிருக்காங்க. நீங்க நாற்பத்தொன்பதுல அமுக்கினதா சொல்றீங்க. அந்த வரி எங்கேயிருந்து வந்தது?"

கோதண்டம் கம்பியிலிருந்து ஒரு ரசீதை உருவி வெயிலில் தூக்கிப் பிடித்தான். அதன் வழியாக ஜன்னல் தெரிந்தது. பிறகு நகலைத் தூக்கிப் பிடித்தான். ஒன்றும் தெரியவில்லை.

"இந்த ரசீது போன பங்குனி. ஏழு மாசத்துலயே கண்ணாடியாயிருச்சு. ஒங்க நகலு மூணு வருசமா எண்ணெ படாம எங்க குந்திகினு இருந்துச்சு கணக்கரே? சாமியாரா போயிருந்துச்சா?"

ராசையாவின் கண் அண்ணாச்சியிடம் ஓடியது. "ஏல, நீ வெளிய போ," என்றார் அண்ணாச்சி. அவன் போனதும் நெடுநேரம் மேஜையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்க அது இன்னும் பிசுபிசுத்தது.

"அசல்னு ஒண்ணு இல்லவே இல்லை," என்றார் சுப்பராயன். "இருந்தாத்தானே களவு போகும். நான் வக்கீல் ஆபீஸ்ல இருந்தவன் அண்ணாச்சி. அசல் தொலைஞ்சு போச்சுன்னு நிரூபிச்சாத்தான் நகலைக் கோர்ட் கையில வாங்கும். அதுக்கு ஒரு திருட்டு வேணும். திருட்டுக்கு ஒரு திருடன் வேணும். தேடினோம்னு சொல்ல ஒரு துப்பறிவாளன் வேணும். அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டீங்க."

கோதண்டம் வாயைப் பிளந்தான். "அப்ப நம்மள துப்பு பாக்க கூப்டலியா? நம்மதான் துப்பா?"

அண்ணாச்சி தலையைத் தூக்கவில்லை. "வக்கீல் கேட்டாரு தம்பி, ஏதாச்சும் எழுதி வச்சிருக்கியளான்னு. இல்லன்னேன். கேஸே இல்ல, எந்திரிச்சுப் போங்கன்னுட்டாரு. ராசையாதான் இந்த யோசனையச் சொன்னான். அப்புறம் வேற வக்கீலப் பாத்தேன். அவருக்கு இது தெரியாது. பதினோரு வருசம் எங்கூட நின்னவன். எம் பொண்ணு செல்லக்கனி கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டவன். அவன் போனதுல நான் பாதியாப் போயிட்டேன். கொப்பரையப் பாத்தியளா? சோப்பெல்லாம் வெடிச்சுப் போச்சு."

"முதல்லயே ஏன் எழுதி வாங்கலை?"

அண்ணாச்சி துடைத்த துணியைக் கசக்கி மேஜை ஓரத்தில் வைத்தார்.

"எழுதுனா நானும்லா எழுதணும்."

சுப்பராயன் கையிலிருந்த பென்சிலை மேஜையில் வைத்தார்.

"அதுதான். கையுறை தரேன்னு எழுதணும். உடம்பு முடியலன்னா கூலியோட லீவுன்னு எழுதணும். அது வேண்டாம்னு உங்க பாதியை எழுதாம விட்டீங்க. அவன் பாதியும் எழுதாமப் போச்சு. இப்ப ராசையா கற்பனையா எழுதியிருக்கானே, மூணு வருஷம் வேற எங்கயும் வேலை செய்யக்கூடாதுன்னு, அது நிஜமாவே இருந்திருந்தாலும் நிக்காது. ஒருத்தன் வேலையை விட்டப்புறம் அவன் வயித்தைப் பூட்டி வெக்க எந்தக் கோர்ட்டும் விடாது. விவரமான வக்கீல்கிட்ட போயிருந்தா அப்படி எழுதியிருக்க மாட்டார். போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி நோட்டீஸ் தரணும், வேலையில இருக்கும்போது இன்னொரு கம்பெனிக்கு வேலை செய்யக்கூடாது, சரக்குச் சேர்மானத்தை வெளியே சொல்லக்கூடாதுன்னு எழுதியிருப்பார். அந்த ஒரு மாசத்துல நீங்க இன்னொருத்தனைப் பழக்கியிருக்கலாம். சோப்பு வெடிச்சிருக்காது. எட்டு ரூபாய்ச் செலவுல முடிஞ்சிருக்கும்."

"இப்பச் சொல்லி என்ன செய்ய?"

"இப்ப ஒருத்தனை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தீங்களே, அதைத்தான் சொல்றேன்."

அண்ணாச்சி எழுந்தார். வியாபாரி முகம் திரும்ப வந்துவிட்டது. "சரி. நடந்தது நடந்துபோச்சு. அந்த ரிப்போர்ட்ட இங்க வச்சிட்டுப் போங்க. நான் கூப்பிட்டு வந்த ஆளு நீங்க. எனக்குச் சொல்லவேண்டியத எனக்குச் சொல்லியாச்சு. வெளிய ஒரு வார்த்த போகக்கூடாது."

சுப்பராயன் காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"எங்க எழுதியிருக்கு, காட்டுங்க பாப்போம்."

அண்ணாச்சி சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.

"துரைகிட்ட நீங்க கேட்டதுதான். ரிப்போர்ட் யாருக்குச் சொந்தம், யார்கிட்ட சொல்லக்கூடாதுன்னு ஒரு லெட்டர் எழுதிக்கலாம்னு இந்தக் கோதண்டம் கேட்டான். நமக்குள்ள என்னத்துக்குக் காகிதம்னீங்க." சுப்பராயன் பத்து ரூபாய் நோட்டை எடுத்து, வாடிப்போன வெற்றிலை மேல் வைத்து, மேஜையில் தள்ளினார். "இதையும் வெச்சுக்குங்க. சாயந்திரத்துக்குள்ள இந்த ரிப்போர்ட் துரையோட சங்கத்து வக்கீல் கையில இருக்கும்."

தகரக் கதவைத் தாண்டுகிற வரைக்கும் பொறுத்திருந்தான் கோதண்டம். அப்புறம் முடியவில்லை.

"நியாயம் பேசுனீங்க, சரி. பத்து ரூபாயையும் ஏன் சார் திருப்பிக் குடுத்தீங்க? பஸ்ஸு கண்டக்டருக்கு நியாயத்தக் குடுத்தா டிக்கட்டுக் கிழிப்பானா?"

"நட. ராயபுரம் ரொம்ப தூரமில்லை."

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்குக் கோர்ட்டில் அந்த வழக்கைக் கூப்பிட்டார்கள். சங்கத்து வக்கீல் நீட்டிய ரிப்போர்ட்டை அண்ணாச்சியின் வக்கீல் ஒரு தரம் படித்தார். அண்ணாச்சியைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். எழுந்து நின்று, வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். மத்தியானத்துக்குள் ஸ்டேஷனில் கொடுத்த புகாரையும் அண்ணாச்சி திருப்பி வாங்கிக்கொண்டார். மொத்தம் நாலு நிமிஷ வேலை. அதற்காக ஒரு வீட்டின் அரிசிப் பானை கவிழ்ந்து கிடந்தது.

மூன்று மணிக்கு ரேஷன் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வியாசர்பாடிக்குப் போனால் துரை வீட்டில் இல்லை. "புதுக் கம்பெனில இன்னிக்கே வரச் சொன்னாங்க," என்றாள் கெங்கம்மா. வாசலில் நின்று வழி மறித்தவள், இப்போது ஒரு செம்பு மோரை நீட்டினாள்.

காலடிப்பேட்டையில் புதுக் கட்டடத்துக்கு வெளியே அவனைப் பார்த்தார்கள். நெற்றியில் குங்குமம். வாயில் வெற்றிலை. கக்கத்தில் ஒரு பார் சோப்பு. சுப்பராயனைக் கண்டதும் குனிந்து கும்பிட்டான்.

"மொதலாளி நல்ல மன்சன் சார். ஒரு வார்த்த கேக்கல. ஒடனே கொப்பரையாண்ட இட்டுகினு போயி கைய வெக்கச் சொன்னாரு. புச்சு கொப்பரை. தளதளன்னு கீது."

"அவர் என்ன சொன்னார்?"

"கையுறை வாங்கித் தராராம். ஒடம்பு சரியில்லன்னா லீவும் உண்டாம்."

கோதண்டம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். சுப்பராயன் துரையின் வெந்த தோளில் கை வைத்தார்.

"துரை, வாயால சொன்னது போதாதுப்பா. இதையெல்லாம் எழுதி வாங்கு. நீ அவருக்கு என்ன செய்யணும், அவர் உனக்கு என்ன செய்யணும், ரெண்டையும் எழுதணும். அவருக்கும் அதுதான் நல்லது. நான் வந்து எழுதித் தரேன். காசு வேண்டாம்."

உள்ளே காரத் தொட்டியைக் கலக்குகிற சத்தம் கேட்டது. யாரோ துரையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் இடது பெருவிரலை உயர்த்தி, ஏதோ மறந்துபோனதைத் தேடுகிறவன் மாதிரி அதையே பார்த்தான்.

"எய்தலாம் சார். கீழ எத்த வெக்கிறது?"